இரண்டு விளக்குகளுக்கு நடுவில் என் முகம்

சொந்தக் காசில் புத்தகம் போடுகிறவர்கள் என்னிடம் வந்து யோசனை கேட்பதுண்டு. கடையில் எப்படி வைக்க வேண்டும், யாரைப் பார்க்க வேண்டும் என்று கேட்பார்கள். நான் கடுகடுவென்று பதில் சொல்லி அனுப்பிவிடுவேன். திமிர் பிடித்தவள் என்று நினைத்துக்கொண்டு போவார்கள். என் முதல் புத்தகம் கடையில் விற்றது. நன்றாகவே விற்றது. அது விற்ற விதத்தை நினைத்தால் இப்போதும் எனக்கு உள்ளங்கை சில்லிட்டுப் போகிறது. அதை எப்படி யோசனையாகச் சொல்வது?

தொண்ணூறுகளின் தொடக்கம் அது. விக்கிரமசிங்கபுரத்தில் நூல் மில்லில் எனக்கு நூல் சுற்றும் பிரிவில் வேலை. வீட்டுக்காரருக்கும் அதே மில். மில் குடியிருப்பில் நான் பார்த்த பொம்பளைகளைப் பற்றித்தான் கதைகள் எழுதினேன். தண்ணீர்க் குழாயடியில் சண்டை போடுகிறவர்கள், ஷிப்டு முடிந்து பஞ்சுத் தூசியோடு சோறு வடிக்கிறவர்கள். பத்திரிகைகளுக்கு அனுப்பினால் திரும்பி வந்தது. சில நேரம் திரும்பிக்கூட வரவில்லை. ஒரு வருஷம் போனஸ் வந்ததும் வீட்டுக்காரர், "இப்படிப் பல்லைக் கடிச்சுக்கிட்டு இருக்கதுக்கு நீயே அச்சடிச்சிரு" என்றார். அடித்தேன்.

திருநெல்வேலி டவுனில் ஒரு சின்ன அச்சகம். கல்யாணப் பத்திரிகையை விட அங்கே அதிகம் அடித்தது சாவு வீட்டுப் புத்தகம். எங்கள் பக்கத்துச் சைவ வீடுகளில் ஒருவர் இறந்துவிட்டால், பதினாறாம் நாள் விசேஷத்துக்கு வருகிறவர்களுக்குச் சாமி பாட்டுப் புத்தகம் ஒன்று கொடுப்பார்கள். சின்னதாக இருக்கும். முதல் பக்கத்தில் இறந்தவர் படம். படத்தைச் சுற்றி முட்டை வடிவத்தில் ஒரு பூமாலை, இரண்டு பக்கமும் குத்துவிளக்கு. அந்த விளக்கும் மாலையும் அச்சகத்தில் எப்போதும் அச்சுக் கட்டைகளாகக் கோத்துத் தயாராக இருக்கும். ஆள் மாற மாற உள்ளே முகத்தை மட்டும் மாற்றுவார்கள்.

எழுதியவர் படம் முதல் பக்கத்தில் வர வேண்டும் என்று சொல்லி, கல்யாணமான புதிதில் ஸ்டுடியோவில் எடுத்த படத்தைக் கொடுத்திருந்தேன். பட்டுச்சேலை, தலை நிறையப் பூ, நெற்றியில் பெரிய குங்குமம். மில்லுக்குப் போய் நான் காய்ந்து கருவாடாக ஆவதற்கு முன்னால் எடுத்தது.

புத்தகக் கட்டைப் பிரித்ததும் எனக்குக் கொதித்தது.

"என்ன அண்ணாச்சி இது, என்னையக் கொன்னு வச்சிருக்கீய?"

அச்சக முதலாளி கண்ணாடியை மாட்டிக்கொண்டு நிதானமாகப் பார்த்தார். "ஏன் தாயி, நல்லாத்தான இருக்கு. மங்களகரமா."

"இது பதினாறாம் நாளுக்குப் போடுத விளக்குல்லா?"

"படம்னு சொன்னா எங்க ஆளு அதுக்குள்ளதான் வைப்பான். உசிரோட இருக்கவுக படத்த இங்கன கொண்டாந்தது நீதான் மொதல்ல. அவனுக்கு என்ன தெரியும்?"

"இந்தப் பக்கத்தக் கிழிச்சிட்டு வேற அடிச்சுத் தாங்க."

"கிழிச்சா அதோட சேந்த தாளும் உருவிக்கிட்டு வரும். மொதக் கதையில பாதி போயிரும். பாரு, மறைவுன்னு தேதி ஒண்ணும் போடலைல்லா? தேதி இருந்தாத்தான் அது சாவுப் புத்தகம். தேதி இல்லேன்னா சும்மா படந்தான்."

கட்டுகளைத் தூக்கிக்கொண்டு பஸ் ஏறினேன். வீட்டுக்காரர் முதல் பக்கத்தைப் பார்த்தார். "நல்லாத்தாம்லா இருக்கே" என்றார். பிறகு அந்தப் புத்தகத்தைக் கவிழ்த்து வைத்தார். கட்டுகளைக் கட்டிலுக்கு அடியில் அடுக்கினோம். மறுநாள் நான் ஷிப்டு முடிந்து வந்தபோது எல்லாவற்றையும் அடுப்படி மூலைக்கு மாற்றியிருந்தார். ஏன் என்று கேட்டேன். "படுக்கதுக்குக் கீழ வேண்டாம்" என்றார்.

எனக்கு வெள்ளிக்கிழமை வார விடுமுறை. ஒரு வெள்ளிக்கிழமை பையில் புத்தகங்களை அடுக்கிக்கொண்டு ஜங்ஷனில் பெரிய கடைக்குப் போனேன். கோனார் உரையிலிருந்து கல்லூரிப் பாடப்புத்தகம் வரைக்கும் எல்லோரும் வாங்கும் கடை. உள்ளே ஒரு சுவர் முழுக்கக் கதைப் புத்தகம் இருக்கும். அந்தச் சுவரில் என் புத்தகம் நிற்க வேண்டும். அவ்வளவுதான் என் ஆசை. யாரோ ஒரு பொம்பளை அதை உருவி, நின்ற வாக்கில் ஒரு பக்கம் படித்து, சிரித்தோ திட்டியோ வாங்கிக்கொண்டு போக வேண்டும்.

கல்லாவில் இருந்தவர் அட்டையை மட்டும் பார்த்தார்.

"யாரு எழுதினது?"

"நான்தான்."

"பதிப்பகம்?"

"நான்தான்."

"கடைக்குப் போடுத ஏஜெண்டு?"

"நான்தான் கொண்டாந்திருக்கேன்லா."

"அப்ப வாங்கிக்கிடுததும் நீங்களே வாங்கிக்கிடுங்க. வீட்டுல எடம் இருக்கும்."

கூட நின்ற இரண்டு பேர் சிரித்தார்கள். நான் அந்த ஆளை ஒரு வார்த்தை கேட்டுவிட்டுத்தான் படி இறங்கினேன். அதை இங்கே எழுத முடியாது.

அடுத்த கடைக்காரர் மரியாதையாகப் பேசினார். விற்றால் பணம், பாதி விலை வரைக்கும் கடைக்குக் கழிவு, வைத்துவிட்டுப் போங்கள் என்றார். ஒரு மாதம் கழித்துப் போனேன். மேஜைக்கு அடியில் நான் கட்டிய சணல் கயிற்றோடு கட்டு அப்படியே கிடந்தது. முடிச்சு என் முடிச்சு. மேலே அவர் சாப்பாட்டுத் தூக்குச்சட்டியை வைத்திருந்தார். கட்டை எடுத்தபோது அவர் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

அன்றைக்கு வெயில் தலையைப் பிளந்தது. டவுனுக்கு வந்து கோவில் பக்கம் ரத வீதியில் நடந்தேன். பஞ்சாங்கம், சாமி படம், கற்பூரம், கோலப் புத்தகம், சமையல் புத்தகம் எல்லாம் விற்கிற கடை ஒன்று கண்ணில் பட்டது. இங்கேயும் கேட்டுவிடுவோம், திட்டினால் திட்டட்டும் என்று ஏறினேன். கடைக்காரர் அறுபது வயசு இருப்பார். அட்டையைப் பார்க்கவில்லை. முதல் பக்கத்தைத்தான் திருப்பினார். திருப்பியவர் அப்படியே நின்றுவிட்டார். பிறகு புத்தகத்தை மூடிக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

"எப்ப தாயி தவறுனாவ?"

"யாரு?"

"இந்தம்மா."

"அது நான்தான் அண்ணாச்சி."

அவர் என்னைப் பார்த்தார். படத்தைப் பார்த்தார். மறுபடி என்னைப் பார்த்தார்.

"கூடப் பொறந்தவுகளா?"

"நான்தாங்கேன். உசிரோட உம்ம முன்னால நிக்கேன்."

"சரி, சரி," என்று பைய சொன்னார். அழுகிற பிள்ளையைச் சமாதானம் செய்கிற குரல். "வச்சிட்டுப் போங்க."

"கழிவு எவ்வளவு எடுப்பீய?"

"இதுக்கெல்லாம் நான் கழிவு எடுக்க மாட்டேன் தாயி."

புத்தகக் கடை வைத்திருக்கிற ஒருத்தர் கழிவு வேண்டாம் என்று சொன்னதை நான் அதற்கு முன்னும் கேட்டதில்லை, பின்னும் கேட்டதில்லை. நல்ல மனுஷன் என்று நினைத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

அடுத்த முறை போனபோது ஒன்றும் மிச்சமில்லை. இன்னும் கொண்டுவாருங்கள் என்றார். கொண்டுபோனேன். அதுவும் தீர்ந்தது. எனக்குக் கால் தரையில் நிற்கவில்லை. மில்லில் நூல் அறுந்தால்கூடச் சிரித்துக்கொண்டே முடிச்சுப் போட்டேன். ஜங்ஷன் கடைக்காரன் முகத்தில் கரியைப் பூசிவிட்டேன் என்று ரத வீதி அண்ணாச்சியிடமும் வீட்டுக்காரரிடமும் சொன்னேன். வீட்டுக்காரர், "யாராச்சும் படிச்சிட்டு ஏதாச்சும் சொன்னாவளா?" என்று கேட்டார்.

யாரும் சொல்லவில்லை. கடைசிப் பக்கத்தில் என் விலாசத்தைப் போட்டு, கருத்து எழுதுங்கள் என்று கேட்டிருந்தேன். ஒரு கார்டு வரவில்லை. இத்தனை புத்தகம் போயிருக்கிறது, ஒருத்திக்குக்கூட ஒரு வரி எழுதத் தோன்றவில்லையா? நல்லா இல்லை என்றாவது எழுதலாமே. ஊமைக் கிணற்றில் கல்லைப் போட்டது போல இருந்தது. சத்தமே வரவில்லை.

ஒரு வெள்ளிக்கிழமை கோவில் வாசலில் பூ வாங்க நின்றேன். பூக்காரி முழம் போட்டுக்கொண்டே நிமிர்ந்தாள். அவள் கை பாதி முழத்தில் நின்றுவிட்டது. பந்திலிருந்து பூவை நீளமாக அறுத்து, என் கையில் படாமல் பையில் போட்டாள். காசு நீட்டினேன்.

"ஒங்ககிட்ட வாங்க மாட்டேன்."

"ஏன், என் காசுக்கு என்ன கேடு?"

கூடை விளிம்பில் காசை வைத்துவிட்டு வந்தேன். கொஞ்ச தூரம் போய்த் திரும்பிப் பார்த்தேன். பூவுக்குத் தெளிக்கிற தண்ணீரை எடுத்து அந்தக் காசின் மேல் தெளித்துக்கொண்டிருந்தாள்.

அன்றைக்கே கடைக்குப் போனேன். "யாரு அண்ணாச்சி என் புத்தகத்த வாங்குதாவ?" என்று கேட்டேன்.

"பொம்பளையாளுவதான்."

"படிச்சிட்டு என்ன சொல்லுதாவ?"

அவர் ஊதுபத்திக் கட்டை அடுக்குவதில் மும்முரமாகிவிட்டார். எனக்குச் சந்தேகம் தட்டியது. கடைக்கு உள்ளே, காலண்டர் தொங்குகிற இடத்துக்குப் பின்னால் ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்துகொண்டேன். போகச் சொல்லிப் பார்த்தார். நான் அசையவில்லை.

நடுமத்தியானத்தில் ஒருத்தி வந்தாள். என் வயசோ, ஒன்றிரண்டு கூடவோ. மஞ்சள் தேய்த்துக் குளித்த முகம், கழுத்தில் தாலிக்கொடி, நூல் சேலை. "அந்தம்மா புத்தகம் ஒண்ணு தாங்க. மக வீட்டுக்கு" என்றாள். அவர் நான் இருக்கிற பக்கம் ஒரு பார்வை பார்த்துவிட்டு எடுத்தார். பிரித்துக் காட்டவில்லை. அவளும் பிரிக்கச் சொல்லவில்லை. மஞ்சள் தாளில் சுற்றி, ஒரு குங்குமப் பொட்டலமும் சேர்த்துக் கொடுத்தார். அவள் இரண்டு கையாலும் வாங்கி, கண்ணில் ஒற்றி, நெஞ்சோடு அணைத்துக்கொண்டு போனாள்.

கதைப் புத்தகத்தை யாராவது அப்படி வாங்குவார்களா?

எழுந்து வெளியே வந்தேன். "என்னவே நடக்கு இங்கன?" என்று கத்தினேன். அண்ணாச்சி என்கிற மரியாதை எல்லாம் போய்விட்டது.

"மெதுவாப் பேசு தாயி. யாவாரம் நடக்க எடம்."

"நான் செத்துட்டேன்னு சொல்லி விக்கீரா?"

"நான் ஒண்ணும் சொல்லல. மொதல்ல வந்த ஒருத்தி படத்தப் பாத்தா. மஞ்சக் குங்குமத்தோட போன மகராசி போலுக்கேன்னா. நான் இல்லேன்னு சொல்லல. அவ்வளவுதான். அவ நாலு பேருட்டச் சொல்லியிருக்கா. வெளக்கு முன்னாடி வச்சா நெனச்சது நடக்குன்னு வாங்குதாவ."

"உள்ள கதை இருக்குவே. படிச்சுப் பாக்க மாட்டாளுவளா?"

"மொதப் பக்கத்துக்கு மேல பிரிச்சாப் பலன் போயிரும்னு அவுகளே பேசிக்கிடுதாவ." அவர் குரலைத் தாழ்த்தினார். "நான் ஒண்ணு கேக்கேன். ஜங்ஷன்ல உசிரோடதான போனீய? அவன் வாங்கினானா?"

எனக்கு அவரை அறைந்துவிடலாம் போல இருந்தது. அறையவில்லை. அதற்குக் காரணம் பொறுமை இல்லை. அவர் சொன்னது உண்மை. இந்த ஊரில் என் புத்தகத்தை விற்கிற ஒரே கடை அது. அதை விட்டால் அடுப்படி மூலைதான்.

"மிச்சம் எவ்வளவு இருக்கோ எடும்" என்றேன்.

"யோசிச்சுக்கோ தாயி."

"எடும்வே."

எடுத்துக் கொடுத்தார். கொடுக்கும்போதுகூட ஒவ்வொன்றையும் கண்ணில் ஒற்றித்தான் கொடுத்தார். எதிரே நிற்கிறவளை அல்ல, உள்ளே இருக்கிறவளைத்தான் அவர் மதித்தார்.

பாபநாசம் பஸ்ஸில் ஏறினால் அந்தப் பொம்பளை உட்கார்ந்திருந்தாள். மடியில் மஞ்சள் பொட்டலம். பக்கத்து இடம் காலி. உட்கார்ந்தேன். அவள் ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டு வந்தாள்.

"கதைப் புத்தகமாக்கா?" என்று கேட்டேன்.

"கதையா? இல்ல. இது ஒரு அம்மா."

"யாரு?"

"மேக்க மில்லுப் பக்கத்து அம்மா. ஆத்துல குளிக்கப் போனவுக. சுழல்ல இழுத்துட்டுப் போயிருச்சு. மூணாம் நாளு கரை ஒதுங்கினாவளாம். நெத்திக் குங்குமம் அழியல. தலைப் பூ வாடல. எடது காதுக் கம்மல் மட்டுந்தான் இல்ல. அது ஆத்தோட போயிருச்சு."

படத்தில் எனக்கு இரண்டு காதிலும் கம்மல் இருக்கிறது. ஆனால் அந்த இடது காதுக் கம்மலை நான் ஆற்றில்தான் தொலைத்தேன். கல்யாணமாகிச் சில வருஷம் கழித்து, தலையை முக்கி எழுந்தபோது காணவில்லை. தங்கத்தைத் தொலைத்தவள் என்று பேச்சு வரும் என்று பயந்து, அதே மாதிரி ஒன்று செய்து போட்டுக்கொண்டேன். வீட்டுக்காரருக்கே தெரியாது. இந்தப் பொம்பளைக்கு யார் சொன்னது? இன்றைக்கு வரைக்கும் எனக்குத் தெரியவில்லை. யோசித்து யோசித்து விட்டுவிட்டேன்.

கையை எடுத்துக் காதைத் தொடப் போனேன். தொடவில்லை.

"அந்தப் பொட்டலத்தப் பிரிச்சு முதல் பக்கத்தப் பாருங்க" என்றேன். "பாத்திட்டு என்னையப் பாருங்க."

அவள் பொட்டலத்தைப் பிரிக்கவில்லை. பிரிக்காமலே என் முகத்தைப் பார்த்தாள். நெற்றி, மூக்கு, தாடை என்று ஒவ்வொன்றாகப் பார்த்தாள். பிறகு குனிந்து என் காலைப் பார்த்தாள். செருப்பு பஸ் தரையில் படுகிறதா என்று பார்க்கிறாள் என்பது எனக்குப் புரியக் கொஞ்ச நேரம் ஆனது.

"நான் சாகல" என்றேன். "எனக்கு எந்தச் சுழலும் தெரியாது. ஒரு கேனப்பய வெளக்குக்குள்ள படத்த வச்சிட்டான். அவ்வளவுதான்."

அவள் பயப்படவில்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது. சேரன்மகாதேவி வந்ததும் எழுந்தாள். "எறங்குங்க அம்மா" என்றாள். "வீட்டுக்கு வந்துட்டுப் போங்க."

இறங்கினேன். ஏன் என்று கேட்டால், என் புத்தகம் எங்கே இருக்கிறது என்று பார்க்க வேண்டும் என்றிருந்தது. வாய்க்கால் கரையோடு நடந்தோம். இரண்டு பக்கமும் நடவு முடிந்த வயல், தண்ணீர் கண்ணாடி மாதிரி நின்றது. அவள் எனக்குப் பின்னால்தான் வந்தாள். முன்னால் போங்கள் என்றால் வரவில்லை. வயலில் களை எடுத்துக்கொண்டிருந்தவளிடம் அவள் ஏதோ கையைக் காட்டினாள். களை எடுத்தவள் வேலையை நிறுத்திவிட்டு முந்தானையை எடுத்துச் சொருகி, கும்பிட்டாள். தண்ணீரில் என் நிழல் விழுகிறதா என்று நானே குனிந்து பார்த்துக்கொண்டேன். சொன்னால் சிரிப்பீர்கள். அங்கே நின்றிருந்தால் நீங்களும் பார்த்திருப்பீர்கள்.

நீளமான, இருண்ட வீடு. முன்னறையைத் தாண்டி ஒரு கதவு சாத்தியிருந்தது. உள்ளே யாரோ இருமினார்கள். "அவிய வாதத்துல கெடக்காவ" என்று அவள் சொன்னாள். "ரெண்டு வருசமா."

சுவர் மாடத்தில் விளக்கு எரிந்தது. விளக்குக்குப் பின்னால் என் புத்தகம், முதல் பக்கம் தெரிகிற மாதிரி விரித்து நிறுத்தியிருந்தது. என் முகத்தைக் காணவில்லை. நெற்றியில் வைக்க ஆரம்பித்த குங்குமம் நாளாக ஆகக் கண், மூக்கு, வாய் எல்லாவற்றையும் மூடி, காய்ந்து வெடித்த வண்டல் மாதிரி ஏறியிருந்தது. மிச்சம் தெரிந்தது தாடையும் ஒரு காதும்தான்.

பலகை போட்டு என்னை உட்காரச் சொன்னாள். தட்டில் வெற்றிலை, மஞ்சள், ரவிக்கைத் துணி. கீழே வைத்துவிட்டு என் காலில் விழுந்தாள். நான் காலை இழுத்துக்கொண்டேன்.

"என்ன வேணும் ஒங்களுக்கு? என்னத்துக்கு இதெல்லாம்?"

"அவியளுக்கு முந்தி நான் போயிரணும்" என்றாள். குரலில் அழுகை இல்லை. ரேஷனில் இன்ன சாமான் வேண்டும் என்று சொல்கிற மாதிரி சொன்னாள். "டாக்டரு கைய விரிச்சிட்டாரு. மழை முடியுததுக்குள்ள போயிருவாருன்னாரு. அதுக்கு முந்தி, ஒங்கள மாதிரி, பொட்டோட பூவோட என்னையக் கூப்பிட்டுக்கிடுங்க. தாலி இல்லாம ஒரு நாளு என்னால இருக்க முடியாது."

என் புத்தகம் எதற்கு விற்றிருக்கிறது என்று அப்போதுதான் முழுசாகத் தெரிந்தது. எத்தனை மாடத்தில் எத்தனை பேர் இதையே கேட்டுக்கொண்டிருக்கிறார்கள்? உயிரோடு இருக்கிறவளிடம் சாவைக் கேட்கிறார்கள். எனக்குக் கோபம் வந்தது.

எழுந்துபோய் மாடத்திலிருந்து புத்தகத்தை எடுத்தேன். "தொடாதீய" என்று அவள் சொல்ல வாயெடுத்து, யாரிடம் சொல்கிறோம் என்று நினைத்து நிறுத்திக்கொண்டாள். குங்குமம் பொலபொலவென்று என் மடியில் உதிர்ந்தது. உள்ளே பக்கங்கள் பிரியவில்லை. பைண்டிங் செய்தவன் சில கட்டுகளில் தாள்களின் மேல் மடிப்பை வெட்டாமலே விட்டிருக்கிறான். யாரும் பிரித்திருந்தால் அல்லவா தெரியும்?

"கத்தி எடுத்துட்டு வாங்க."

"பிரிச்சாப் பலன்..."

"எடுத்துட்டு வாங்கங்கேன்."

கொண்டுவந்தாள். காய் நறுக்குகிற கத்தி. மடிப்பு மடிப்பாக அறுத்தேன். அவள் ஒவ்வொரு அறுப்புக்கும் கண்ணை மூடித் திறந்தாள். நடுவில் ஒரு கதை இருந்தது. மில் குடியிருப்பில் எனக்கு இரண்டு வீடு தள்ளி இருந்தவளைப் பற்றியது. புருஷன் செத்து, தாலி இறக்கி, அழுது முடித்த பிறகு அவன் வேலை அவளுக்குக் கிடைக்கிறது. ஷிப்டுக்கு நேரத்துக்குப் போக வேண்டும். செத்தவன் சைக்கிள் சுவரோரம் நிற்கிறது. அவள் அதில் பழக ஆரம்பிக்கிறாள்.

அதை உரக்கப் படித்தேன். எனக்கு அழகாகப் படிக்க வராது. மில்லில் இரைச்சலுக்கு மேல் பேசிப் பேசிக் கத்துகிற குரல்தான். அவள் கீழே சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தாள். என் பக்கம் பார்க்கவில்லை. புத்தகம் இல்லாத மாடத்தை, எரிகிற விளக்கைப் பார்த்துக் கை கூப்பியிருந்தாள்.

மில் குடியிருப்பில் எல்லோரும் அவளைக் கேலி செய்கிற இடம் வந்தது. மூச்சு வாங்க நிறுத்தினேன்.

"பெறவு?" என்று அவள் கேட்டாள். மாடத்தைப் பார்த்துத்தான் கேட்டாள். அந்த வெற்றுச் சுவர் பதில் சொல்லும் என்று காத்திருந்தாள்.

நான் இங்கே இருக்கிறேனா இல்லையா என்று ஒரு கணம் எனக்கே நிச்சயமில்லாமல் போய்விட்டது. மேலே படித்தேன்.

சாத்திய கதவுக்குப் பின்னால் குரல் வந்தது. வாதம் இழுத்த, குழறிய குரல். "யாரு வந்திருக்கா?"

"யாருமில்ல" என்றாள் அவள். "நீங்க தூங்குங்க."

நான் படித்துக்கொண்டிருந்தேன். பிறகு மறுபடி அந்தக் குரல்.

"யாருமில்லேன்னா, கொஞ்சம் சத்தமா வாசிக்கச் சொல்லு."

அவள் திடுக்கிட்டுக் கதவைப் பார்த்தாள். சாகக் கிடக்கிற மனுஷன் காதில் விழுகிற கதையா இது என்று எனக்கும் தோன்றியது. ஒருத்தன் செத்த பிறகு அவன் பெண்டாட்டி சைக்கிள் விடுகிற கதை. நிறுத்திவிடலாம். நிறுத்தினால் இந்தப் புத்தகம் மறுபடி மாடத்துக்குப் போகும். குரலை உயர்த்தினேன்.

கதையில் அவள் விழுகிறாள். முட்டியில் தோல் வழன்று போகிறது. செத்தவனைத் திட்டுகிறாள், இந்தச் சனியனை ஏன் இவ்வளவு உயரமாக வாங்கினாய் என்று. உள்ளே இருந்து ஒரு சத்தம் வந்தது. இருமலா சிரிப்பா என்று தெரியவில்லை. என் எதிரே இருந்தவள் கூப்பிய கையை மடியில் இறக்கினாள்.

பக்கம் திருப்ப ஒரு மடிப்பு அறுபடாமல் இருந்தது. கத்தியைத் தேடினேன்.

"பழகிட்டாளா?" என்று உள்ளே இருந்து கேட்டார்.

அவள் கத்தியை எடுத்து என் கையில் கொடுத்தாள். கொடுக்கும்போது விரல் பட்டது. அவள் விரலை இழுத்துக்கொள்ளவில்லை. அப்போதுதான் முதல் தடவையாக, என் காலையும் விட்டு, மாடத்தையும் விட்டு, என் கண்ணை நேராகப் பார்த்தாள்.

"கேக்காவல்லா," என்றாள். "சொல்லுங்க. பழகிட்டாளா?"

"இருங்க," என்றேன். மடிப்பை அறுத்துக்கொண்டிருந்தேன்.